பழைய கிதாரைப் பழையபடி ஆக்கலாமா?

கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில், 1964இல் ஃபெண்டர் கம்பெனி செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்று உங்கள் முன்னால் மேசைமேல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொழிற்சாலையை விட்டு வந்தபோது அது சன்பர்ஸ்ட் நிறம்: நடுவே மஞ்சள், விளிம்பை நோக்கிப் போகப்போகச் சிவப்பு, பிறகு கறுப்பு. இப்போது அந்த நிறம் இல்லை. யாரோ மொத்தத்தையும் சுரண்டியெடுத்துவிட்டு, மரத்தின் ரேகை தெரியும்படி வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். பிரிட்ஜ் பக்கம் இருந்த ஒல்லியான பிக்கப்பைத் தூக்கிவிட்டு, மரத்தைக் குடைந்து அகலப்படுத்தி, இரட்டைச் சுருள் ஹம்பக்கர் ஒன்றை உட்கார வைத்திருக்கிறார்கள். ட்யூனர்கள் வேறு. பிக்கார்ட் எனும் முன்பலகையில் தேவையில்லாத இடத்தில் ஒரு குட்டி ஸ்விட்ச். பழைய பாகங்களில் பாதி, கிதார்ப் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் பையில் கிடக்கின்றன. மீதி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

இதைப் பழையபடி ஆக்குவதா, இப்படியே வைத்துக்கொள்வதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரூ டிரைவரும் சால்டரிங் அயர்னும் போதும் என்றால், தாராளமாகப் பழையபடி ஆக்குங்கள். உளி, ரூட்டர், உப்புத்தாள், ஸ்ப்ரே கன் என்று ஏதாவது ஒன்று தேவைப்பட்டால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். விதிவிலக்குகள் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன். ஆனால் பத்துக்கு எட்டுக் கிதார்கள் இந்த ஒரு கோட்டின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழுந்துவிடும்.

இப்படி வெட்டப்பட்ட கிதார்கள் அமெரிக்காவில் ஏன் இத்தனை? காரணம் எளிது: வெட்டியபோது அவை பழம்பொருள் அல்ல, வெறும் செகண்ட் ஹேண்ட் சாமான். ஃபெண்டரை 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. அதன்பின் தரம் இறங்கிவிட்டது, அதற்கு முந்தையதுதான் நல்ல சரக்கு என்கிற பேச்சு வாசிப்பவர்களிடையே மெல்லப் பரவியது. அந்தப் பேச்சு விலையாக மாறச் சில ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் பாட்டுகள் சத்தமாகிவிட்டன. லேரி டிமார்ஸியோ 1972இல் கொண்டுவந்த சூப்பர் டிஸ்டார்ஷன் பிக்கப், பழைய பிக்கப்பை விட ஆம்ப்ளிஃபயரைப் பலமாக உதைக்கும். ஊருக்கு ஊர் ரிப்பேர்க் கடைக்காரர்கள் ரூட்டரைக் கையில் எடுத்தார்கள். பித்தளை பாகம் போட்டால் நாதம் நீளும் என்றார்கள், பித்தளை போட்டார்கள். 1970களின் இறுதியில் ஃப்ளாய்ட் ரோஸ் என்பவரின் பூட்டு வைத்த பிரிட்ஜ் வந்தது, அதற்காகவும் மரத்தைத் தோண்டினார்கள். பெயிண்டைச் சுரண்டும் பழக்கத்துக்குப் பெரிய இடத்து முன்னுதாரணமே இருந்தது. 1968இல் ஜான் லெனானும் ஜார்ஜ் ஹாரிசனும் தங்கள் எபிஃபோன் கேசினோ கிதார்களின் பூச்சைத் தேய்த்து எடுத்தார்கள். மரம் மூச்சுவிட்டால் ஒலி திறக்கும் என்று ஒரு நம்பிக்கை. பீட்டில்ஸே செய்தால் பிறகு யார் சும்மா இருப்பார்கள்?

ஆகவே அன்று அதைச் செய்தவரைத் திட்டுவதில் நியாயமில்லை. தன் கருவியைத் தன் காதுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். இன்று நாம் செய்யப்போவதையும் ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் இதே கண்ணோடு பார்ப்பார் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

இனி விலை. பழைய கிதார் சந்தையில் நெடுங்காலமாக ஒரு வாய்ப்பாடு உண்டு: மூலப் பூச்சு போய் மறுபூச்சு அடித்திருந்தால் விலை ஏறக்குறைய பாதி. கூடுதலாக மரம் குடைந்திருந்தால் அதற்கும் கீழே. எவ்வளவு கீழே என்பது கிதாருக்குக் கிதார் மாறும். இதில் பலர் தவறவிடுவது ஒன்று: மறுபூச்சு அழகாக இருக்கிறதா அசிங்கமாக இருக்கிறதா என்பது விலையைக் கொஞ்சம்தான் அசைக்கும். தேர்ந்த கைகாரர் ஒருவர், 1964இன் அதே வகை லேக்கரை வாங்கி, அதே மஞ்சள், அதே சிவப்பு, அதே கறுப்பு அடித்தாலும் அது மறுபூச்சுதான். விற்கும்போது அப்படித்தான் சொல்ல வேண்டும், வாங்குபவரும் அந்த விலைதான் கொடுப்பார்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுங்கள். யாரும் கை வைக்காத கிதார் 100 பெறும் என்றால், சுரண்டிக் குடைந்த நம் கிதார் 40 பெறுகிறது. குடைவை அடைத்து, முழுக்க மறுபூச்சு அடித்து, தொலைந்த பிக்கப்புக்குப் பதில் அதே காலத்துப் பிக்கப் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டால் 50 ஆகலாம். அந்த வேலைக்கும் பாகத்துக்கும் 20, 25 செலவு. கணக்கு உதைக்கிறது. அந்தக் காலத்துப் பாகங்கள் தனியாகவே தங்க விலை விற்கின்றன. கிப்சன் கம்பெனியின் சேத் லவர் வடிவமைத்து, 1957 முதல் லெஸ் பால் கிதார்களில் வந்த ஹம்பக்கர்களின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளது' என்ற பொருளில் ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதன் ஆங்கில முதலெழுத்துகளை வைத்து அவற்றுக்கு பிஏஎஃப் என்று பெயர். அப்படி ஒரு ஜோடியின் விலையில் ஒரு நல்ல புதுக் கிதாரே வாங்கலாம். அந்த ஸ்டிக்கரையே போலியாக அச்சடித்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆக, லாபத்துக்காக மீட்பது என்பது பெரும்பாலும் நடக்காத காரியம். லாபம் பார்ப்பவர் மீட்டவர் அல்ல, மீட்டுக் கொடுத்த கடைக்காரர்.

பணத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும் என் பதில் மாறாது. திருப்பணி என்ற பெயரில் பழைய கோயில் சுவர்களில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்தபோது என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியும். சுவர் பளிச்சென்று ஆனது, கல்வெட்டு எழுத்து மழுங்கிப்போனது. கிதாரிலும் மேல்பரப்புதான் சாட்சி. உப்புத்தாள் ஒவ்வொரு முறை ஓடும்போதும் விளிம்பின் வளைவு கொஞ்சம் உருளும். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடலில் கை படும் இடத்திலும் விலா படும் இடத்திலும் சரிவு வெட்டியிருப்பார்கள். அந்தச் சரிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை வைத்தே ஆண்டைக் குத்துமதிப்பாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை சுரண்டியவர் அதில் கொஞ்சத்தைக் கொண்டுபோய்விட்டார். பழையபடி ஆக்குகிறேன் என்று நீங்கள் சுரண்டினால் மீதியும் போகும்.

முடிவெடுக்கும் முன் கிதாரைத் திறந்து பார்க்க வேண்டும். அவசரப்படாமல், ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுத்துக்கொண்டே செய்யுங்கள். தந்திகளைக் கழற்றுங்கள். முன்பலகையின் ஸ்க்ரூக்களை, எது எந்த ஓட்டையில் இருந்தது என்று தெரியும்படி ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். பலகையைத் தூக்கினால் அடியில் மூன்று வட்டமான கன்ட்ரோல்கள் இருக்கும்: ஒன்று ஒலியளவுக்கு, இரண்டு தொனிக்கு. அவற்றின் தகர முதுகைப் பாருங்கள். ஏழு இலக்கம் பொறித்திருக்கும். 1376347 என்று இருந்தால் 137 என்பது சிடிஎஸ் கம்பெனி, 63 என்பது 1963, 47 என்பது அந்த ஆண்டின் 47ஆவது வாரம். 1964 கிதாருக்கு இது கச்சிதம். 304 என்று தொடங்கினால் ஸ்டேக்போல் கம்பெனி, 134 என்றால் சென்ட்ராலேப். நடுவில் 75 என்று கண்டால், 1975இலோ அதற்குப் பிறகோ யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். ஆனால் இந்த எண் சொல்வது கிதார் இதற்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டும்தான். ஃபெண்டர் 1966இல் வாங்கிக் குவித்த கன்ட்ரோல்கள் சில ஆண்டுகள் கழித்தும் புதுக் கிதார்களில் போய்க்கொண்டிருந்தன.

ஒயர்களைப் பாருங்கள். அந்தக் காலத்து ஒயர் துணி சுற்றியது. சால்டர் பற்று மழமழவென்று, சற்று மங்கிய வெள்ளியாக, ஒரே சூட்டில் வைத்தது போல் இருந்தால் யாரும் தொடவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து, பக்கத்துத் துணி கருகியிருந்தால் தொட்டிருக்கிறார்கள். தொடாத பற்று ஒன்றாவது மிச்சமிருந்தால் அதை விட்டுவைத்துவிட்டு மற்ற வேலையைச் செய்யச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் விலை உண்டா என்றால், உண்டு.

அடுத்து நெக். ஃபெண்டரின் நெக் நான்கு ஸ்க்ரூக்களில் நிற்கிறது, ஒட்டியது அல்ல. கழற்றினால் அதன் அடிப்பகுதியில் மாதமும் ஆண்டும் முத்திரையாக இருக்கும். 1962 வசந்தம் முதல் முத்திரை; அதற்கு முன் பென்சில் எழுத்து. கூடவே வரும் ஓர் ஆங்கில எழுத்து நெக்கின் அகலத்தைக் குறிக்கிறது. நெக் உட்காரும் குழிக்குள் எட்டிப் பாருங்கள். வெளியே எத்தனை முறை சுரண்டியிருந்தாலும் உள்ளே மூல நிறம் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். 1960களின் தொடக்கத்தில் பெயிண்ட் அடிக்கும்போது பிடித்துக்கொள்ள அந்தக் குழியில் ஒரு கட்டையை முடுக்குவார்கள். கட்டை இருந்த இடம் நிறம் படாமல் வெறும் மரமாக நிற்கும். போலிப் பூச்சு அடிப்பவர்கள் கோட்டைவிடும் இடங்களில் இது ஒன்று. பின்பக்க உலோகத் தகட்டில் இருக்கும் வரிசை எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். நான்கு ஸ்க்ரூக்களில் வேறு கிதாருக்குப் போய்விடக்கூடிய சமாசாரம் அது.

கடைசியாக விளக்கை அணைத்துவிட்டு, கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதாக்கதிர் டார்ச்சை அடியுங்கள். பழைய நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் மஞ்சளும் பச்சையுமாக மங்கலாக ஒளிரும். பின்னால் தொட்டுத் துடைத்த இடம் வேறு மாதிரி, பெரும்பாலும் இருட்டாகத் தெரியும். பகலில் கண்ணுக்குப் படாத ஒட்டுவேலை இந்த வெளிச்சத்தில் வெளிவந்துவிடும்.

பார்த்தாயிற்று. இனி எதைச் செய்யலாம்?

பிக்கப்புகளை மாற்றும் ஸ்விட்சிலிருந்து தொடங்குவோம். ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு மூன்று நிலை ஸ்விட்ச்தான் வந்தது. ஐந்து நிலை ஸ்விட்சை ஃபெண்டரே போட ஆரம்பித்தது 1977இல். அதனால் பழைய கிதார்களில் பெரும்பாலானவற்றுக்கு யாரோ ஐந்து நிலை மாற்றியிருப்பார்கள். மூன்று நிலை ஸ்விட்ச் பையில் இருந்தால் மறுபடி போடலாம். ஆனால் வாசிப்பவராக இருந்தால் ஐந்தே இருக்கட்டும் என்பேன். பழையதைப் பத்திரப்படுத்துங்கள், மேடையில் இரண்டு பிக்கப்புகளுக்கு நடுவில் ஸ்விட்சை நிறுத்தித் திண்டாட வேண்டாம்.

ட்யூனர் கொஞ்சம் சிக்கல். கிதாரோடு வந்த க்ளூசன் ட்யூனருக்கு ஓட்டை சிறியது, பின்னால் மாட்டும் க்ரோவர், ஷாலர் ட்யூனர்களுக்குப் பெரியது. பெரிதாக்கிய ஓட்டையை அடைத்து மறுபடி சிறிதாகத் துளைக்க வேண்டியதில்லை. பெரிய ஓட்டையில் க்ளூசன் ட்யூனரை நிறுத்தும் அடாப்டர் வளையங்கள் கடைகளில் கிடைக்கின்றன. மரத்தில் கை படாமல் தோற்றம் திரும்பிவிடும். இதுதான் நான் சொல்லும் நல்ல மீட்பு: வேண்டாம் என்றால் நாளைக்கே கழற்றிவிடலாம்.

முன்பலகையில் குட்டி ஸ்விட்சுக்காகப் போட்ட ஓட்டையை அடைக்கவே வேண்டாம். புதிதாக ஒரு நகல் பலகையை மாட்டிவிட்டு, ஓட்டை விழுந்த மூலப் பலகையை எடுத்து வையுங்கள். அதைக் கிதார்ப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். 1959 முதல் 1965 வரை ஃபெண்டர் பயன்படுத்திய பச்சை சாயல் பலகை செல்லுலாய்ட், அதாவது செல்லுலோஸ் நைட்ரேட். அது சிதையத் தொடங்கினால் அமில ஆவி வெளிவரும். மூடிய பெட்டியில் அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் ஸ்க்ரூ, பிரிட்ஜ், பிக்கப் எல்லாவற்றையும் அரித்துவிடும். எளிதில் தீப்பற்றவும் செய்யும். காற்றோட்டமான இடத்தில், தனியாக இருக்கட்டும்.

குடைவுக்கு வருவோம். ஹம்பக்கருக்காக வெட்டிய இடத்தில் அதே ஜாதி மரத்துண்டைச் செதுக்கி, ரேகை பார்த்து ஒட்டி, மேலே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது பூசி மெழுகியதுதான். அதைவிட, முன்பலகை மூடிவிட்டால் அந்தக் குடைவு எப்படியும் தெரியப்போவதில்லை. மூன்று ஒல்லிப் பிக்கப்புகளுக்கான பலகையை மாட்டி, பிரிட்ஜ் பக்கம் ஒல்லிப் பிக்கப்பைத் தொங்கவிட்டாலே ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டராகத்தான் ஒலிக்கும், ஏனென்றால் அதில் பிக்கப் தொங்குவது பலகையில், மரத்தில் அல்ல. அடியில் குழி குழியாகவே இருக்கட்டும். வாங்குபவர் திறந்தால் உண்மையைப் பார்ப்பார்.

ஃப்ளாய்ட் ரோஸ் போன்ற டிரெமலோ பிரிட்ஜுக்காகத் தோண்டி, பழைய பிரிட்ஜின் ஸ்க்ரூக்கள் பற்றிக்கொள்ள மரமே இல்லாமல் போயிருந்தால் கதை வேறு. அங்கே அடைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அது கிதாரே அல்ல. விரிசல் விட்ட நெக்கும், கிப்சன்களில் அடிக்கடி காணும் உடைந்த ஹெட்ஸ்டாக்கும் இந்த வகைதான். இவற்றை நான் மீட்பு என்று சொல்ல மாட்டேன், ரிப்பேர். ஃப்ரெட் தேய்ந்தால் மாற்றுவதும் அப்படித்தான். தேய்ந்த ஃப்ரெட்டுக்கு ஒரு புனிதமும் கிடையாது. ஆனால் ஃப்ரெட் மாற்றுபவர் விரல்பலகையைச் சீவி மட்டப்படுத்துகிறேன் என்றால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். ஃபெண்டரின் ரோஸ்வுட் விரல்பலகை 1959 முதல் 1962 நடுப்பகுதி வரை தடித்த பலகை. அதன்பின் நெக்கின் வளைவோடு சேர்த்து ஒட்டிய மெல்லிய தகடு. 1964 கிதாரில் சீவுவதற்கு மரமே அதிகம் இல்லை.

விரல்பலகை என்றதும் இன்னொன்று. அந்தக் காலத்தில் பயன்படுத்தியது பிரேசில் நாட்டு ரோஸ்வுட். 1992 முதல் அது அருகிவரும் உயிரினங்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. அந்த மரம் உள்ள கிதாரை உரிய சான்றிதழ் இல்லாமல் நாடு விட்டு நாடு விற்கவோ அனுப்பவோ முடியாது. ரிப்பேருக்கென்று வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் இதை யோசியுங்கள். பிரேசில் மரம் கிடைப்பது அரிதானபோது அமெரிக்கக் கிதார்க் கம்பெனிகள் திரும்பியது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் ஈட்டி மரத்தின் பக்கம். 1960களின் பிற்பகுதிக்குப் பிந்தைய பல கிதார்களில் விரலுக்கடியில் இருப்பது நம் ஊர் மரம்.

பூச்சு விஷயத்தில் ஒரே ஒரு சபலம் நியாயமானது. மேலே தெரியும் மறுபூச்சுக்கு அடியில் மூலப் பூச்சு அப்படியே இருந்தால்? சுரண்டாமலேயே மேலே அடித்துவிட்ட கிதார்கள் உண்டு. ஓர் ஓரத்தில் பெயர்ந்த இடத்தில் இரண்டு அடுக்கு தெரிந்தால் நம்பிக்கை வைக்கலாம். மேல் அடுக்கு பாலியெஸ்டர், அடியில் லேக்கர் என்றால் பொறுமைசாலி ஒருவர் மேலடுக்கைச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கக்கூடும். இரண்டும் லேக்கர் என்றால் கடினம். புது லேக்கரின் கரைப்பான் பழையதைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். எப்படியானாலும் இது வீட்டில் செய்து பார்க்கும் வேலை அல்ல. பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கலாம் என்பதால் தூசியும் நல்லதல்ல.

கிப்சன் பக்கம் வந்தால் சிக்கல் சுவாரசியமாகிறது. 1952இல் வந்த முதல் லெஸ் பால்கள் தங்க நிறம், கோல்ட்டாப் என்பார்கள். அவற்றில் தந்தியைப் பிடிக்கும் உலோகக் கட்டையின் அடிவழியாகத் தந்தி போனது. நெக்கின் சாய்வு அவ்வளவு குறைவாக வைக்கப்பட்டிருந்ததால், மேல்வழியாகப் போட்டால் தந்தி விரல்பலகையிலிருந்து எட்டாத உயரத்துக்குப் போய்விடும். அடிவழியாகப் போனால் வலது உள்ளங்கையைத் தந்திமேல் வைத்து அமுக்கி வாசிக்க முடியாது. ராக் வாசிப்பில் பாதி அந்த அமுக்கில்தான் இருக்கிறது. கிப்சனே ஓரிரு ஆண்டுகளில் இதை மாற்றிவிட்டது. சரியாக அமையாத கிதாரை வைத்துக்கொண்டு 1952இல் வாங்கியவர் என்ன செய்வார்? பின்னால் பலர் நெக்கைக் கழற்றிச் சாய்வை மாற்றி, பிரிட்ஜை மாற்றி, ஹம்பக்கர் வைத்து, 1958 முதல் 1960 வரை வந்த சன்பர்ஸ்ட் லெஸ் பாலைப் போல மாற்றிக்கொண்டார்கள். அந்த மூன்று ஆண்டுகளில் வந்த சன்பர்ஸ்ட் லெஸ் பால்கள் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறுதான் என்பது பொதுவான மதிப்பீடு. 1966இல் ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் ஆல்பத்தில் எரிக் கிளாப்டன் அதை வாசித்த பிறகு தேடல் தொடங்கியது. மாற்றிய கோல்ட்டாப்களுக்கென்று தனிச் சந்தையே இருக்கிறது.

அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால், திரும்பக் கோல்ட்டாப் ஆக்கி, வாசிக்க லாயக்கில்லாத அந்தப் பழைய கட்டையைப் பொருத்துவது, என் பார்வையில், வரலாற்றின் பெயரால் செய்யும் வீம்பு. நல்ல கைகாரர் மாற்றியிருந்தால் அப்படியே வாசியுங்கள். 1969இல் தொடங்கிய லெஸ் பால் டீலக்ஸ் கிதார்களில் சின்ன ஹம்பக்கரை எடுத்துவிட்டுப் பெரியது வைக்கக் குடைந்ததும் அப்படித்தான். அவ்வளவு கிதார்கள் அப்படிக் குடையப்பட்டிருக்கின்றன, அடைத்துத் திரும்புவதால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

"அப்படியானால் டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிங்க் ஃப்ளாய்டின் கில்மோர் அதை 1970இல் நியூயார்க்கின் மேனிஸ் கடையில் வாங்கினார். நெக் பலமுறை மாறியது, பிக்கப்புகள் மாறின, ஒரு குட்டி ஸ்விட்ச் சேர்ந்தது, 1980களில் காலர் டிரெமலோவுக்காக மரத்தைத் தோண்டினார்கள். பின்னால் அந்தக் குழியை அடைத்து மறுபடி ஃபெண்டர் டிரெமலோ வைத்தார்கள். 2019 ஜூனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 39,75,000 டாலருக்குப் போனது. ஜெஃப் பெக்கின் 1954 லெஸ் பாலும் கோல்ட்டாப்பாகப் பிறந்து, கரும்பழுப்பு அடித்து, ஹம்பக்கர் வைத்து மாற்றியதுதான். 2025 ஜனவரியில் லண்டனில் 10 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. இவை கிதாருக்குக் கொடுத்த விலை அல்ல, அதை வாசித்த கைகளுக்குக் கொடுத்த விலை. நம் மேசைமேல் இருப்பதை வாசித்தவர் யாரென்று தெரியாது, ஆகவே அந்தக் கணக்கு நமக்கு வராது.

ஆனால் புகழ்பெற்ற கிதார்களில் ஒன்று நமக்கும் உதவும். ஃப்ளீட்வுட் மேக்கின் பீட்டர் கிரீன் வாசித்த 1959 லெஸ் பாலில், நெக் பக்கத்துப் பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருந்தது. இரண்டு பிக்கப்புகளையும் சேர்த்துப் போட்டால் ஒன்றின் அலையை இன்னொன்று வெட்ட, மூக்கடைத்தாற்போல் மெலிந்த ஒரு தனி ஒலி வரும். அந்தக் கிதார் பிறகு கேரி மூரிடம் போய், 2014இல் மெட்டாலிக்காவின் கர்க் ஹாமெட்டிடம் வந்தது. யாரும் காந்தத்தைத் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் அது இன்னொரு நல்ல லெஸ் பால் ஆகியிருக்கும், அவ்வளவுதான். ஆகவே எதையும் சரிசெய்யும் முன் ஆம்ப்ளிஃபயரில் செருகி, ஒரு மாதமாவது வாசித்துப் பாருங்கள். அந்த ஹம்பக்கர் உங்களுக்குப் பிடித்துப்போகலாம்.

எல்லாம் கேட்டபிறகும் மீட்டே தீருவேன் என்பவர்கள் இருப்பார்கள். அப்பா வாசித்த கிதார், அவர் வாங்கியபோது இருந்த சன்பர்ஸ்ட்டில் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றால், அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். அது ஏற்கெனவே சுரண்டிய கிதார். மூலப் பூச்சு போனது போனதுதான். செலவு திரும்பி வராது என்று தெரிந்தே செய்யுங்கள். வேலையைக் கொடுக்கும் முன் செய்பவர் முடித்த மூன்று, நான்கு கிதார்களை நேரில் பாருங்கள். லேக்கர் அடிக்கிறாரா பாலி அடிக்கிறாரா, எவ்வளவு தேய்ப்பார், எதைத் தேய்க்க மாட்டார் என்று எழுதி வாங்குங்கள். பழையது போல் காட்ட வேண்டும் என்று செயற்கையாகக் கீறி, அழுக்குத் தேய்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அடுத்த கைக்குப் போகும்போது அது மூலப் பூச்சு என்று யாரோ நம்பிவிடுவார்கள். மீட்ட கிதாரை மூலக் கிதார் என்று விற்பது மோசடி. சொல்லாமல் விற்பதும் மோசடிதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கழற்றிய பாகம் எதையும் தூக்கிப் போடாதீர்கள், வளைந்த ஸ்க்ரூவைக்கூட. ஒரு பையில் போட்டு, என்று கழற்றியது, யார் கழற்றியது, பதிலுக்கு என்ன போட்டது என்று ஒரு தாளில் எழுதி, எடுத்த படங்களின் பிரதியோடு சேர்த்து வையுங்கள். கிதாரை விற்கும்போது அந்தப் பையையும் தாளையும் சேர்த்தே கொடுங்கள்.